வெளிநாட்டில் போடும் தனியார் முதலீடு செலுத்துச் சமநிலையை எப்படிப் பாதிக்கிறது?

கேள்வி இதுதான்: தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டில் முதலீடு செய்தால் நாட்டின் அந்நியச் செலாவணி கரைகிறது, ஆகவே தடுக்க வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அந்த முதலீட்டிலிருந்து வரும் வருமானம்தான் பின்னாளில் கைகொடுக்கும், ஆகவே விட்டுவிட வேண்டும் என்று மறுதரப்பு சொல்கிறது. எது சரி?

இரண்டு தரப்புமே முதலீட்டுத் தொகையையும் செலாவணி வெளியேற்றத்தையும் ஒன்றாக எண்ணிக்கொள்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 100 கோடி டாலர் முதலீடு என்று பத்திரிகையில் வந்தால் 100 கோடி டாலர் நாட்டை விட்டுப் போய்விட்டது என்று பொருளல்ல. அடுத்த ஆண்டு 12 கோடி டாலர் வருமானம் என்று கணக்கில் வந்தால் 12 கோடி டாலர் வங்கிக்கு வந்துவிட்டது என்றும் பொருளல்ல.

முதலில் ஒரு அடிப்படை. செலுத்துச் சமநிலை (இலங்கையில் சென்மதி நிலுவை என்பார்கள்) என்பது ஒரு நாடு வெளியுலகோடு செய்யும் எல்லாப் பரிவர்த்தனைகளையும் பதியும் இரட்டைப் பதிவுக் கணக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் எப்போதும் சுழியம்தான் வரும். அது 'கெடுகிறது' என்று சொல்பவர் மனத்தில் இருப்பது மூன்றில் ஒன்று: மத்திய வங்கியின் கையிருப்பு, நாணயத்தின் மாற்று விகிதம், நடப்புக் கணக்கு (சரக்கு, சேவை, வருமானம் ஆகியவற்றின் வரவு செலவு). எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி விவாதம் அடங்கிவிடும். மாற்று விகிதத்தை ஒரே இடத்தில் கட்டி வைத்திருக்கும் நாட்டில் பணம் வெளியே போனால் கையிருப்பு குறையும். விகிதத்தைச் சந்தையிடம் விட்ட நாட்டில் நாணயம் சற்று இறங்கும், இறக்குமதி சுருங்கி ஏற்றுமதி பெருகும், நடப்புக் கணக்கு அதற்கேற்ப நகரும்.

ஒரு உதாரணத்தைப் பதிவுகளோடு பார்ப்போம். ஒரு நிறுவனம் வெளிநாட்டில் 100 கோடி டாலருக்குத் தொழிற்சாலை போடுகிறது. அதில் 60 கோடி, உள்நாட்டு வங்கியில் டாலராக மாற்றி அனுப்பிய ரொக்கம். 25 கோடி, தாய்நாட்டிலிருந்து கப்பலேற்றிய இயந்திரங்கள். அவற்றுக்குப் பணம் வாங்காமல் பங்காக எடுத்துக்கொள்கிறது. மீதி 15 கோடி, தாய் நிறுவனமே வெளிநாட்டு வங்கியில் வாங்கிய கடன். நிதிக் கணக்கில் (வெளிநாட்டுச் சொத்தும் கடனும் மாறுவதைப் பதியும் பகுதி) நேரடி முதலீட்டுச் சொத்து 100 கூடும். எதிர்ப் பதிவுகள்: சரக்கு ஏற்றுமதி வரவு 25, வெளிக்கடன் பொறுப்பு 15, வங்கிகளின் டாலர் இருப்பு அல்லது மத்திய வங்கிக் கையிருப்பில் குறைவு 60. அதாவது தலைப்புச் செய்தி 100, செலாவணிச் சந்தையில் விழுந்த அழுத்தம் 60. அந்த இயந்திரங்கள் இந்த முதலீடு இல்லாவிட்டாலும் வேறு யாருக்காவது ரொக்கத்துக்கு விற்றிருக்கும் என்றால் மட்டுமே அந்த 25-ஐயும் இழப்பில் சேர்க்கலாம்.

இதே நிறுவனத்தின் துணை நிறுவனம் தொழிற்சாலை இருக்கும் நாட்டு வங்கியிலேயே இன்னும் 50 கோடி கடன் வாங்கினால்? தாய்நாட்டின் செலுத்துச் சமநிலையில் ஒரு வரி கூட வராது; அது அந்த நாட்டுக்குள் நடந்த பரிவர்த்தனை. தாய் நிறுவனம் அந்தக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தாலும் பதிவில்லை. உத்தரவாதத்தை வங்கி கோரும் நாளில்தான் அது கணக்குக்கு வரும், அதுவும் மொத்தமாக. வெளிநாட்டு முதலீடு ஒரு நாட்டின் கையிருப்பைத் திடீரென்று உலுக்கும் இடங்களில் இது முக்கியமானது. முதலீட்டுப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆபத்து தெரியவே தெரியாது.

அடுத்து வருமானம். துணை நிறுவனம் ஓராண்டில் 12 கோடி லாபம் பார்க்கிறது. 5 கோடியை டிவிடெண்டாக அனுப்புகிறது, 7 கோடியை அங்கேயே வைத்துக்கொள்கிறது. அந்த நாடு டிவிடெண்டில் 20 சதவீதம், அதாவது 1 கோடியை, வரியாகப் பிடித்துக்கொள்கிறது. பன்னாட்டு நிதியம் 2009-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பு விதிநூலின்படி, நடப்புக் கணக்கின் முதன்மை வருமானத்தில் (லாபம், வட்டி, சம்பளம் சேரும் பகுதி) 12 கோடி முழுவதும் வரவு. பிடித்த வரி 1 கோடி, இரண்டாம்நிலை வருமானத்தில் (வரி, நன்கொடை போன்றவை சேரும் பகுதி) பற்று. நடப்புக் கணக்குக்கு நிகரமாக 11 கோடி லாபம். நிதிக் கணக்கில் 7 கோடி மறுமுதலீடாக மீண்டும் வெளியே போனதாகப் பதிவாகும். கையில் வந்த ரொக்கம் 4 கோடி.

நடப்புக் கணக்கில் 11, செலாவணிச் சந்தையில் 4. இந்த இடைவெளிதான் இன்றைய விவாதங்களில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது. ஜப்பானைப் பாருங்கள். 2011-இல், மூன்று பத்தாண்டுகளுக்குப் பிறகு, அதன் சரக்கு வர்த்தகம் பற்றாக்குறையில் விழுந்தது. ஆனால் நடப்புக் கணக்கு உபரியிலேயே இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டு வருமானம் அதைத் தாங்குகிறது. அப்படியிருந்தும் 2022 அக்டோபரில் ஒரு டாலர் 150 யென்னைத் தாண்டியது. வட்டி வித்தியாசம் முதல் காரணம். கூடவே, அந்த வருமானத்தில் பெரும்பகுதி துணை நிறுவனங்களிலேயே தங்கிவிடுகிறது அல்லது டாலர் பத்திரங்களிலேயே திரும்பப் போடப்படுகிறது. யென்னாக மாற வருவதில்லை. எரிபொருள் இறக்குமதிக்கோ ரொக்க டாலர் வேண்டும்.

'லாபம்' என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செலுத்துச் சமநிலையில் சேர்வது நடைமுறைத் தொழில் லாபம் மட்டும். நாணயம் சரிந்ததால் வந்த நட்டம், சொத்தை விற்றதில் வந்த லாபம், மதிப்பைக் குறைத்து எழுதியது எதுவும் வருமானத்தில் சேராது. அவை பன்னாட்டு முதலீட்டு நிலை அறிக்கையில் (நாட்டின் வெளிச் சொத்து, கடன் இருப்பைக் காட்டுவது) மறுமதிப்பீடாகப் போய்விடும். நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து நாட்டுக் கணக்கோடு ஒப்பிடுபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். துணை நிறுவனம் தொழிலிலேயே 5 கோடி நட்டப்பட்டால் வருமானம் வரவுப் பக்கத்திலேயே எதிர்ம எண்ணாக, கழித்தல் 5 என்று, பதிவாகும். பல ஆண்டு சேர்த்து வைத்ததை ஒரே அடியாகப் பெரும் டிவிடெண்டாக எடுத்தால் அது வருமானமே அல்ல, மூலதனத்தைத் திரும்பப் பெற்றதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி.

10 சதவீத எல்லையையும் கவனியுங்கள். வெளிநாட்டு நிறுவனத்தில் வாக்குரிமை 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நேரடி முதலீடு. பிரிக்காத லாபத்தில் உங்கள் பங்கும் உங்கள் நாட்டு வருமானமாகும். 9 சதவீதம் என்றால் அது பத்திர முதலீடு, அதாவது நிர்வாகத்தில் கைவைக்காமல் பங்கோ கடன் பத்திரமோ வாங்கி வைப்பது. டிவிடெண்ட் வந்தால்தான் வருமானம். பணம் அதே, நிறுவனம் அதே, நடப்புக் கணக்கு மட்டும் வேறு.

இப்போது கேள்வியின் கருவுக்கு வரலாம்: போன 60 கோடி எத்தனை ஆண்டில் திரும்பும்? தொழிற்சாலை ஓடத் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு வருவன: வரி போக டிவிடெண்ட் 4 கோடி, அங்கே அனுப்பும் உதிரிபாகங்களின் கூடுதல் ஏற்றுமதி 3 கோடி, ராயல்டியும் நிர்வாகக் கட்டணமும் 2 கோடி. மொத்தம் 9. போவன: முன்பு தாய்நாட்டிலிருந்து அந்த நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஏற்றுமதி நின்றதால் 5 கோடி, அந்தத் தொழிற்சாலையிலிருந்து தாய்நாட்டுக்கே திரும்பி வரும் இறக்குமதி 1 கோடி. நிகரம் 3 கோடி. 60-ஐ 3-ஆல் வகுத்தால் 20 ஆண்டுகள்.

அந்த 5 கோடியை மட்டும் மறுபடி பாருங்கள். இறக்குமதிச் சுங்கம் ஏறிவிட்டது, அல்லது போட்டியாளர் அங்கேயே ஆலை போட்டுவிட்டார். நாம் முதலீடு செய்யாவிட்டாலும் அந்த ஏற்றுமதி போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 5 கோடியை முதலீட்டின் கணக்கில் எழுத முடியாது. நிகரம் 8 கோடி, மீளும் காலம் ஏழரை ஆண்டு. எதிர்த்திசையிலும் யோசிக்கலாம்: அதே பணம் உள்நாட்டிலேயே ஏற்றுமதி ஆலையாகியிருக்கும் என்றால், அந்த ஆலை ஈட்டியிருக்கக்கூடிய டாலரையும் செலவில் சேர்க்க வேண்டும், 20 ஆண்டு என்பது 'எப்போதும் மீளாது' என்றுகூட ஆகலாம். ஒரே தொழிற்சாலை, ஒரே கணக்கேடு, மூன்று விடைகள். வேறுபடுவது 'செய்யாவிட்டால் என்ன நடந்திருக்கும்' என்ற அனுமானம் மட்டும்.

1960-களில் இதைப் பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரெட்டவே 1967-இல் இடைக்கால அறிக்கையும் 1968-இல் இறுதி அறிக்கையும் கொடுத்தார். பிரிட்டிஷ் நிறுவனம் போகாவிட்டால் வேறு நாட்டு நிறுவனம் அந்த இடத்தைப் பிடித்திருக்கும், உள்நாட்டு முதலீடு அதனால் கூடியிருக்காது என்பது அவர் எடுத்துக்கொண்ட நிலை. அமெரிக்காவில் பொருளியலாளர்கள் ஹஃப்பாவரும் ஆட்லரும் அதே 1968-இல் கருவூலத் துறைக்காக எழுதிய ஆய்வில் மூன்று அனுமானங்களை அருகருகே வைத்துக் கணக்கிட்டார்கள்: ஒன்று, வெளியே போட்ட அளவுக்கு உள்நாட்டு முதலீடு குறைந்து, போன இடத்தில் கூடுகிறது; இரண்டு, உள்ளே குறையவில்லை, ஆனால் போன இடத்தில் மற்றவர் முதலீட்டை இடம்பெயர்க்கிறது; மூன்று, உள்ளேயும் குறையவில்லை, அங்கேயும் கூடுகிறது. யாராவது 'வெளிநாட்டு முதலீடு இத்தனை ஆண்டில் ஈடாகிவிடும்' என்று ஒற்றை எண் சொன்னால், இந்த மூன்றில் எதை அனுமானித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னொரு வழக்கமான வாதம்: 'இந்த ஆண்டு வந்த வருமானம் இந்த ஆண்டு போன முதலீட்டைவிட அதிகம், ஆகவே லாபம்தான்.' இது ஏமாற்றும் ஒப்பீடு. இந்த ஆண்டு வருமானம் கடந்த 20, 30 ஆண்டுகளில் சேர்ந்த இருப்பின் மேல் வருவது. இந்த ஆண்டு முதலீட்டின் பலன் அல்ல. இதன் கணிதத்தைப் பொருளியலாளர் எவ்சி டோமர் 1950-லேயே தெளிவாக்கினார். இருப்பு 1,000 என்றும், அதிலிருந்து ஆண்டுக்கு 6 சதவீதம் ரொக்கமாகத் திரும்புகிறது என்றும் கொள்வோம். புதிய ரொக்கம் இருப்பில் 4 சதவீதம் என்றால் வருவது 60, போவது 40. நிகரம் கூட்டல் 20. புதிய ரொக்கம் 9 சதவீதமானால் வருவது அதே 60, போவது 90, கழித்தல் 30. எந்த முதலீடும் மோசமாகிவிடவில்லை. வளர்ச்சி வேகம் வருமான விகிதத்தை முந்திவிட்டது, அவ்வளவுதான். இளம் முதலீட்டாளர் நாடு நீண்ட காலம் வெளியேற்றத்திலும் முதிர்ந்த நாடு வரவிலும் இருப்பதற்கு இதுவே காரணம். கட்டுப்பாடு போட்டால் முதல் சில ஆண்டுகள் அற்புதமாகத் தெரிவதும் இதனால்தான்: வெளியே போவது உடனே நிற்கிறது, பழைய இருப்பின் வருமானம் மட்டும் தொடர்ந்து வருகிறது. வருமானம் தேயத் தொடங்கும்போது கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த அமைச்சர் பதவியில் இருக்க மாட்டார்.

கட்டுப்பாடுகள் நடைமுறையில் எப்படி ஓடின என்பதற்கு அமெரிக்காவே நல்ல பாடம். 1963 ஜூலையில் அதிபர் கென்னடி வட்டிச் சமன்படுத்தும் வரியை அறிவித்தார்: அமெரிக்கர் வெளிநாட்டுப் பங்கு வாங்கினால் 15 சதவீதம் வரி; கடன் பத்திரங்களுக்கு முதிர்வைப் பொறுத்து, வட்டிச் செலவு ஏறத்தாழ 1 சதவீதப் புள்ளி உயரும் அளவுக்கு. நேரடி முதலீட்டுக்கு அதில் விலக்கு இருந்ததால் பணம் அந்த வாசலைத் தேடியது. 1965-இல் ஜான்சன் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் தன்விருப்பக் கட்டுப்பாட்டை வைத்தார். போதவில்லை. 1968 ஜனவரி 1-இல் கட்டாய வரம்பு வந்தது. நாடுகளை மூன்றாகப் பிரித்தார்கள். வளரும் நாடுகளுக்கு 1965-66 சராசரி முதலீட்டில் 110 சதவீதம், பிரிட்டன், ஜப்பான் போன்றவற்றுக்கு 65 சதவீதம், ஐரோப்பியக் கண்ட நாடுகளுக்குப் புதிய மூலதனமே கூடாது. அங்கே மறுமுதலீட்டு லாபத்துக்கும் 35 சதவீத வரம்பு. லாபத்தை அங்கேயே வைத்துக்கொள்வதும் முதலீடுதான் என்று அந்த விதிகளை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல நாட்டு விதிகளில் இந்த ஓட்டை இன்னும் திறந்தே கிடக்கிறது.

நிறுவனங்கள் ஆலை கட்டுவதை நிறுத்தவில்லை. ஐரோப்பாவில் டாலர் கடன் வாங்கிக் கட்டின. யூரோடாலர் (அமெரிக்காவுக்கு வெளியே வங்கிகளில் இருக்கும் டாலர்), யூரோபாண்ட் (நாட்டுக்கு வெளியே அந்நிய நாணயத்தில் விற்கும் கடன் பத்திரம்) சந்தைகள் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு இந்த விதிகள் பெரிய காரணம். அமெரிக்கக் கணக்கில் முதலீட்டு வெளியேற்றம் குறைந்து தெரிந்தது. பதிலுக்கு வெளிக்கடன் ஏறியது, அதன் வட்டி பின்னர் வெளியேறியது. 1974 ஜனவரியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் வேறு முறை: வெளிநாட்டுப் பத்திரம் வாங்க விரும்புபவர் 'முதலீட்டு டாலர்' என்ற தனிக் குளத்திலிருந்து கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும். 1965 முதல் 1977 இறுதிவரை, விற்பவர் பெற்றதில் 25 சதவீதத்தை அதிகாரபூர்வ விகிதத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். கையிருப்பைக் காப்பதில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு; ஒருவர் வாங்க இன்னொருவர் விற்றாக வேண்டும். ஆனால் விற்றால் நாலில் ஒரு பங்கின் மேல் கூடுதல் விலை போய்விடும் என்பதால் வைத்திருப்பவர் விற்கத் தயங்குவார். 1979 அக்டோபரில் செலாவணிக் கட்டுப்பாட்டோடு சேர்ந்து இந்த முதலீட்டு டாலர் முறையும் போனது.

வரிச் சலுகை கொடுத்து லாபத்தைத் திருப்பி அழைப்பது இன்னொரு உத்தி. அமெரிக்கா 2004-இல் இயற்றிய சட்டம், ஒருமுறை மட்டும், 35 சதவீத வரியை நடைமுறையில் 5.25 சதவீதமாக்கியது, 31,200 கோடி டாலர் அளவில் டிவிடெண்ட் இந்தச் சலுகையில் வந்தது. செலுத்துச் சமநிலையில் என்ன தெரிந்தது? அமெரிக்கக் கணக்கு இதை மூலதனத் திருப்பமாக அல்ல, டிவிடெண்டாகவே பதிந்தது: டிவிடெண்ட் பாய்ந்தது, மறுமுதலீட்டு லாபம் அதே அளவு குறைந்து எதிர்மத்தில் இறங்கியது. நடப்புக் கணக்கு அசையவில்லை. நம் உதாரணத்தின் 12 கோடியில் எவ்வளவு டிவிடெண்ட், எவ்வளவு மறுமுதலீடு என்ற பங்கீடு மாறினால் கூட்டுத்தொகை மாறாது, பாருங்கள். மேலும் 'வெளிநாட்டில் கிடந்த' பணத்தில் கணிசமான பகுதி முன்பே டாலராக இருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவர யாரும் செலாவணிச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை.

பத்திர முதலீட்டில் ஹெட்ஜிங் (நாணய ஏற்ற இறக்கத்துக்கு எதிராகத் தேடும் காப்பு) கதையையே மாற்றிவிடும். ஒரு காப்பீட்டு நிறுவனம் 100 கோடி டாலருக்கு வெளிநாட்டுக் கடன் பத்திரம் வாங்குகிறது. அதே நேரத்தில் 100 கோடி டாலரை முன்னோக்கு ஒப்பந்தத்தில் (பின்னொரு நாளில் கைமாற்ற இன்றே விலை பேசிக்கொள்வது) வங்கியிடம் விற்கிறது. வங்கி தன் அபாயத்தை மூட வெளிநாட்டில் டாலர் கடன் வாங்கி உடனடிச் சந்தையில் விற்கும். பத்திரச் சொத்து கூட்டல் 100, வங்கியின் வெளிக்கடன் கூட்டல் 100. கையிருப்புக்கும் மாற்று விகிதத்துக்கும் ஒன்றுமில்லை. சிக்கல் காலப் பொருத்தமின்மையில் இருக்கிறது: பத்திரம் 20 ஆண்டு, ஒப்பந்தம் மூன்று மாதம். உள்நாட்டு நாணயம் இறங்கினால் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் நட்டத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். பத்திரத்தின் லாபமோ காகிதத்தில்தான் இருக்கும். ஹெட்ஜ் போடாதவர்களுக்கு ஆபத்து மறுபக்கம். 2025 மே தொடக்கத்தில் தைவான் டாலர் இரண்டு வர்த்தக நாட்களில் பல பத்தாண்டுகளில் காணாத வேகத்தில் ஏறியது; ஏற்றுமதியாளர்கள் டாலரை விற்றதோடு, ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் அவசரமாக ஹெட்ஜை நாடியதும் அந்த ஏற்றத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. பல ஆண்டுகளாக மெல்ல வெளியே போன முதலீடு, அழுத்தத்தை மட்டும் இரண்டு நாளில் திருப்பித் தந்தது.

வெளியிடப்பட்ட அட்டவணையை வைத்து நீங்களே கணக்கிட விரும்பினால் முதலில் குறியைப் பாருங்கள். ஆறாம் பதிப்பு முறையில் வெளிநாட்டுச் சொத்து கூடினால் நிதிக் கணக்கில் கூட்டல். பழைய ஐந்தாம் பதிப்பு முறையில் அதே வெளியேற்றம் கழித்தல். இரண்டு ஆண்டறிக்கைகளை ஒட்டவைத்துத் தலைகீழ் முடிவுக்கு வருபவர்கள் குறைவில்லை. பிறகு வெளிநோக்கிய நேரடி முதலீட்டை மூன்றாகப் பிரியுங்கள்: பங்கு மூலதனம், மறுமுதலீட்டு லாபம், குழும நிறுவனங்களுக்கிடையிலான கடன். மறுமுதலீட்டை அங்கேயும் வருமானத்திலும் ஒருசேர நீக்குங்கள். ரொக்கப் படம் கிடைக்கும். குழுமக் கடனில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. தாய் நிறுவனம் வெளிநாட்டில் ஒரு நிதித் துணை நிறுவனத்தை வைத்து, அது பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தைத் தாய்க்கே கடனாகத் தந்தால், சொத்து-பொறுப்பு முறையில் (சொத்தையும் கடனையும் தனித்தனியாகக் காட்டும் முறை) அது நேரடி முதலீட்டுப் பொறுப்பு. திசை முறையில் (தாய் நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கும் முறை) அதே தொகை வெளிநோக்கிய முதலீட்டிலிருந்து கழியும். ஒரே நாட்டின் ஒரே ஆண்டுக்கு இரண்டு வெவ்வேறு நேரடி முதலீட்டு எண்களைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பணம் போன நாட்டின் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். லக்சம்பர்க், நெதர்லாந்து போன்ற இடங்களில் பதிவான முதலீட்டில் பெரும்பகுதி கடந்துபோகும் பணம்; அங்கிருந்து மூன்றாம் நாட்டுக்கோ, சில சமயம் புறப்பட்ட நாட்டுக்கோ போய்விடும். அப்படிச் சுற்றி வந்தால் வெளிமுதலீடும் உள்முதலீடும் இரண்டுமே ஊதித் தெரியும், நிகரம் சுழியம். குழுமத்துக்குள் விலை நிர்ணயம் இன்னொரு திரை. உதிரிபாகத்தைத் துணை நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் விற்றால் ஏற்றுமதி குறையும், முதலீட்டு வருமானம் கூடும். நடப்புக் கணக்கின் கூட்டுத்தொகை, வரி வித்தியாசம் போக, ஏறத்தாழ மாறாது. ஆனால் ரொக்கமாக வந்திருக்க வேண்டியது மறுமுதலீடாக அங்கேயே தங்கிவிடும்.

கடைசியாக 'நிகரப் பிழைகளும் விடுபடல்களும்' என்ற வரி, அதாவது பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாத வித்தியாசத்தை ஈடுகட்டப் போடும் வரி. பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். விலைப்பட்டியலில் ஏற்றுமதியைக் குறைத்தோ இறக்குமதியைக் கூட்டியோ காட்டி வெளியே வைக்கப்படும் பணம், நேரடி முதலீடு என்ற தலைப்பில் ஒருபோதும் வராது. விலை பொய்யானது சரக்குக் கணக்கிலேயே மறைந்துவிடும். அனுமதியில்லாமல் போன ரொக்கம் இந்த வரியில் எதிர்ம எண்ணாக எட்டிப்பார்க்கும். அது ஓராண்டு மட்டும் எதிர்மமாக இருந்தால் காலத் தாமதமாக இருக்கலாம். நான்கைந்து ஆண்டு தொடர்ந்து ஒரே திசையில் பெரிதாக இருந்தால், முறைப்படி அனுமதி பெற்றுப் போன முதலீட்டைப் பற்றிச் சண்டையிடுவதற்கு முன் அந்த வரியைத் தோண்டுங்கள்.